இஞ்சி என்று ஏலம் போன கிழங்கு

கும்மிடிப்பூண்டி,
அக்டோபர் 27

அன்புள்ள ஜோஷ்வா அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் மாமாவும் பிள்ளையும் சுகம். நானும் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. போனில் பேசினால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால், லீவு முடிந்து உங்கள் கத்தார் கம்பெனிக்கே திரும்பும் பரத்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்க நீங்கள் விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்திருப்பதாக அவன்தான் சொன்னான். டிசம்பரில் வந்துவிடுவேன் என்று என்னிடம் சொன்னதும் உங்கள் வாய்தானே?

முதலில் உங்கள் தோட்டத்து லட்சணத்தைக் கேளுங்கள். சூரியகாந்தி ஆளுயரம் வளர்ந்தது. பூத்ததும் எல்லாம் கிழக்கே திரும்பி, பக்கத்து வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. தண்ணீர் ஊற்றுகிறவளுக்கு முதுகுதான். விதை முற்றும் முன்பே பாதியைக் கிளி கொத்தியாயிற்று. இரும்பு ஆலைக் கரித்தூள் இலையில் படிந்தால் துடைத்துவிடு என்று வீடியோ அனுப்புகிறீர்கள். நானும் வேலைக்குப் போய் வந்து இலை துடைக்கிறேன்! நீ சாப்பிட்டாயா என்று ஒரு வீடியோ அனுப்பக் கூடாதா?

அதற்குப் பங்காளி என்று ஊட்டியிலிருந்து வரவழைத்து ஊன்றிவிட்டுப் போனீர்களே சூரியகாந்திக் கிழங்கு, அதுதான் மானத்தை வாங்கியது. முதல் விளைச்சல் அறுப்பின் பண்டிகைக்கு என்று நேர்ந்துகொண்டது நீங்கள். தண்டு காயும்வரை தோண்டாதே என்றதும் நீங்கள். தண்டு காயட்டும் என்று பண்டிகை காத்திருக்குமா? பச்சையாகவே பிடுங்கினேன். விரல் விரலாக, கணுக்கணுவாக ஒரு தட்டு தேறியது. கோவிலில் காணிக்கைகளை ஏலம் விட்டவர் அதைப் பார்த்துவிட்டு, "நாட்டு இஞ்சி! யாரு கேக்கறது?" என்று கூவிவிட்டார்.

நான் எழுந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் இது என்ன, யார் வைத்தது, அவர் எப்போது வருகிறார் என்று சபையே கேட்கும். கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஏலத்தில் எடுத்தது நம் சபை அன்புராஜ் அண்ணன். அன்றைக்கே அரைத்துப் பிரியாணியில் போட்டுவிட்டார்கள். அந்தக் கிழங்கு இவ்வளவு வாயு என்று நீங்கள் சொல்லவே இல்லையே! விருந்துக்கு வந்த சம்பந்தி வீட்டார் வரைக்கும் வயிறு உப்பிப்போயிற்று. மறுநாள் காலையில் அண்ணன் மனைவி நம் வாசலில் வந்து நின்று, "இன்னா சுகிர்தா, இஞ்சின்னு இன்னாத்த குட்த்த? சம்பந்தி முன்னால பேஜாரா பூட்ச்சு. கூப்டு உம் புருஷன" என்று கத்தினார். "வெளிநாட்ல கீறாருக்கா" என்றேன். "எப்பதான் வருவாரு?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சண்டைக்கு வந்தவர் உள்ளே வந்து, அடுப்பைப் பற்றவைத்து, எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. உங்கள் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

மாடி கட்டப் பணம் வேண்டும் என்கிறீர்கள். இருக்கிற இரண்டு அறையில் ஒன்று பூட்டியே கிடக்கிறது. மாடியில் யார் படுப்பது?

பாரத்தில் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். போட்டிருந்தால், டிசம்பருக்கு நாள் எண்ணுகிற ஜோஷ்வாவிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். என்னால் முடியாது.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காக்கவேண்டும் என்றுதான் தினமும் ஜெபம் செய்கிறோம். போக்கை நன்றாகவே காத்துவிட்டார். இப்போதெல்லாம் நான் வரத்தை மட்டும் கேட்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சுகிர்தா