லோகோவை மறைத்த சால்வை

மலையைக் கண்டால் கால் தரையில் நிற்காத என் தம்பி இசக்கிக்கு,

நீ போய் நாளையோடு ஒரு வருஷம். நீ இருக்கிற இடத்தில் சைக்கிள் உண்டா, சரிவு உண்டா, எனக்குத் தெரியாது. இருந்தால் ஹெல்மெட் வாரை இறுக்கிப் போட்டுக்கொள். இங்கே சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதற்காகச் சொல்லாமல் விட முடியுமா?

உனக்கு ஒரு நல்ல சேதி. உனக்குச் சைக்கிள் கொடுத்த கம்பெனிக்கு உன் மேல் பாசம் பொங்கிவிட்டது. நாளைக்கு நம்மூர்ப் பொத்தையில், அந்தப் பாறைக் குன்றில், உன் பெயரில் சைக்கிள் பந்தயம் நடத்துகிறார்கள். நீ தனியாளாக மண்வெட்டி பிடித்து, பாறைக்கு நடுவே வெட்டி வைத்தாயே, அதே தடத்தில்தான். ஆடு போகிற பாதையைக் கெடுக்கிறான் என்று அன்றைக்கு உன்னிடம் சண்டைக்கு வந்தவர்களில் இரண்டு பேர் விழாக் குழுவில் இருக்கிறார்கள். முதல் பரிசு என்ன தெரியுமா? உனக்குக் கொடுத்தார்களே, அதே ஸ்பான்சர் ஒப்பந்தம். ஒரு வருஷத்துக்கு.

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா பக்கத்தில் இருந்தாள், திட்டினாள்.

உன்னைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். மலை உச்சியில் சைக்கிளை நிறுத்தி, கல்லும் வேரும் கிடக்கிற செங்குத்துச் சரிவில், யார் குறைந்த நேரத்தில் கீழே வருகிறார்கள் என்று பார்க்கிற பந்தயம் அது. அதற்கென்றே சைக்கிள் இருக்கிறது. அது ஒன்றின் விலைக்கு அம்பாசமுத்திரத்தில் நல்ல மோட்டார் பைக் இரண்டு வாங்கலாம். நீயோ சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன்.

அப்பாவுக்கு இது கடைசிவரை விளங்கவில்லை. வாழைத்தார் லாரியில் சுமை தூக்குகிற மனிதர் அவர். "ஏலே, நாங்க தார் ஏத்துனா ஏத்துகூலி, எறக்குனா எறக்குகூலி. நீ ஒன்னயவே எறக்கிட்டு வார. இதுக்கு எவம்லே கூலி குடுப்பான்?" என்று கேட்டார். "கம்பெனிக்காரன் குடுப்பாம்ப்பா" என்று நீ சொன்னாய். உன் முகத்தில் அத்தனை நம்பிக்கை. அதை இப்போது நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அந்த ஒப்பந்தம் வந்த நாள் நினைவிருக்கிறதா? நான் வேலை பார்க்கிற ஃபிளெக்ஸ் கடையில், என் கம்ப்யூட்டரில்தான் திறந்தோம். பதினோரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். வரிவரியாக நான்தான் உனக்குத் தமிழில் சொன்னேன். சம்பளம் கிடையாது. சைக்கிள் ஒரு வருஷத்துக்குக் கடனாக, இரண்டு ஜெர்சி, ஒரு ஹெல்மெட். பந்தயத்துக்குப் போகிற செலவு உன்னுடையது. விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவும் உன்னுடையது. மாதாமாதம் நீ ரீல்ஸ் எடுத்துப் போட வேண்டும். அவர்கள் அனுப்பிய எனர்ஜி பாக்கெட்டைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, கேமரா நின்றதும் உடன்குடிக் கருப்பட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாயே, அந்த ரீல்ஸ்தான்.

பணம் என்று இருந்தது ஒரே ஒரு வரி. முதல் மூன்று இடத்தில் வந்து மேடை ஏறினால் போனஸும் சைக்கிளுக்குப் புது ஃபிரேமும் தருவார்கள். ஆனால் மேடையில் எடுத்த படத்தில் நெஞ்சில் இருக்கிற லோகோ முழுசாகத் தெரிய வேண்டும். அந்த வரியை உனக்கு வாசித்துக் காட்டியவள் நான். "நெஞ்ச நிமித்திட்டு நில்லுலே" என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான்.

நீலகிரிப் பந்தயத்தில் நீ மூன்றாவதாக வந்தாய். வேன் பிடித்து ஒரு குடும்பமே வந்திருந்தோம். உன் பெயரைச் சொன்னதும் நான் என்ன செய்தேன்? நம் ஆட்களுக்கு மேடை என்றால் சால்வை. சடங்கானாலும் சங்கத் தேர்தலானாலும் சால்வை. அம்பாசமுத்திரத்திலேயே வாங்கிப் பையில் வைத்திருந்தேன், ஆரஞ்சு நிறம், ஓரத்தில் ஜரிகை. ஓடிப்போய் மேடையில் ஏறி உன் மேல் போர்த்தினேன். கீழே நம் ஆட்கள் விசில் அடித்தார்கள். போட்டோக்காரர் மூன்று படம் எடுத்தார், அடுத்த பிரிவைக் கூப்பிட்டுவிட்டார்கள், எல்லாம் முடிந்தது.

மூன்று படத்திலும் சால்வைதான் இருந்தது. லோகோவில் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

அந்தப் படத்தை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன் தெரியுமா? உன் தோளில் என் இரண்டு கைகள் இருக்கின்றன. உன் வலது கை சால்வையின் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. உனக்கு அந்த வரி ஞாபகம் வந்திருக்கிறது, இசக்கி. விலக்கப் போயிருக்கிறாய். அதற்குள் என் மூஞ்சியைப் பார்த்திருக்கிறாய். கை அப்படியே நின்றுவிட்டது. ஏன் விலக்கவில்லை? அக்கா மனசு நோகும் என்றா? நொந்தால் நொந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்திருக்கக் கூடாதா?

கம்பெனி மேனேஜர், படம் நிபந்தனைப்படி இல்லை என்று மெயில் போட்டான். போனஸும் இல்லை, ஃபிரேமும் இல்லை. "சால்வையை நான் எடுத்துத் தாறேன் சார், என் தொழிலே அதுதான், ஒரு மணி நேரத்துல லோகோ தெரியும்" என்று நானே போனில் கெஞ்சினேன். படத்தைத் திருத்துவது ஒப்பந்தத்தை மீறுவது என்றான். இனி அப்படிப் பேசினால் சைக்கிளையும் திருப்பி வாங்க வேண்டிவரும் என்றான்.

அன்றைக்கு நீ என்னைப் பார்த்துச் சொன்னது இது: "நீ எனக்குச் சால்வை போடலக்கா. கோடி போட்டுட்ட."

செத்தவர் மேல் சொந்தக்காரர்கள் போர்த்துகிற புதுத்துணி. அதை உயிரோடு நின்றுகொண்டு என் முகத்துக்கு நேரே சொன்னாய். பாவி, எப்படிடா வந்தது அந்த வார்த்தை? மறுநாள் கடைக்கு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "யக்கா, ஒரு டீ வாங்கித் தா" என்றாய். அதுதான் உன் மன்னிப்பு என்று எனக்குத் தெரியும். டீயும் வாங்கித் தந்தேன். ஆனாலும் அந்த வார்த்தை போகவில்லை.

பிறகு சைக்கிள் ஃபிரேமின் முன்கழுத்தில் முடி கனத்துக்கு ஒரு விரிசல் வந்தது. ஃபிரேம் கேட்டாய். அடுத்த சீசனில் பார்க்கலாம் என்றார்கள். அம்பாசமுத்திரத்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டு வந்தாய். ரீல்ஸில் வெல்டிங் தெரிந்தால் அதற்கும் மெயில் வரும் என்று, அந்த இடத்தை மூடக் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்று கேட்டாய். அளவெடுத்து, ஓரம் பிசிறாமல் வெட்டி, நானே ஒட்டித் தந்தேன். விரிசல் இருந்ததே தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

அந்த மாதத்துக் கடைசி ரீலுக்காகப் பொத்தைக்குப் போனாய். போனைக் கீழே ஒரு பாறையில் சாய்த்து ஓட விட்டுவிட்டு மேலே ஏறினாய். நீ வரவே இல்லை. போன் மட்டும் வெறும் பாதையை எடுத்துக்கொண்டே இருந்தது. ஃபிரேம் இரண்டாக உடைந்திருந்தது, வெல்டிங் வைத்த இடத்தில். ஸ்டிக்கர் ஒரு பாதியில் ஒட்டிக்கொண்டு நின்றது.

கம்பெனிக்குப் போன் போட்டோம். பந்தயத்தில் விழுந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம், இது அவராகப் போனது என்றார்கள். ஆனால் ஆள் வந்தான். மேனேஜரே வந்தான். உன் அத்தான், என் வீட்டுக்காரர், வாங்கி வந்த கோடியைக் கையில் வைத்துக்கொண்டு நான் உன் தலைமாட்டில் நின்றேன். "போடுட்டி பேச்சி, நேரமாவுது" என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள். என் கை அசையவில்லை. நீ சொன்ன வார்த்தைதான் காதில் இருந்தது. அதற்குள் அவன் பையைத் திறந்து, கவர் பிரிக்காத புது ஜெர்சியை எடுத்து, "எங்க ஃபேமிலி சார்பா" என்று உன் நெஞ்சின் மேல் விரித்து வைத்தான். கூட வந்தவன் படம் எடுத்தான். அதில் லோகோ முழுசாகத் தெரிந்திருக்கும். அன்றைக்கு உன் மேல் விழுந்த முதல் துணி அதுதான். என் கோடி இன்னும் மடிப்புக் கலையாமல் பீரோவில் இருக்கிறது.

இப்போது இன்றைய கதைக்கு வருகிறேன்.

காலையில் கடைக்கு அதே மேனேஜர் வந்தான். நாளைய பந்தயத்துக்குப் பேனர் அடிக்க வேண்டும், பொத்தை அடிவாரத்தில் இருபது அடி உயரத்துக்கு. என்னைப் பார்த்ததும், "அக்கா, நீங்க இங்கயா வேலை பாக்குறீங்க? ரொம்ப நல்லதாப் போச்சு" என்று பென் டிரைவைக் கொடுத்தான். திறந்தேன்.

அந்த மேடைப் படம்தான். சால்வை இல்லை. நெஞ்சில் லோகோ பளபளவென்று இருந்தது. உன் தோளில் இருந்த என் கைகளையும் எடுத்துவிட்டார்கள். சால்வை ஓரத்தைப் பிடித்திருந்த உன் வலது கையை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள், அது இப்போது லோகோவைத் தொட்டுக் காட்டுவதுபோல இருக்கிறது. 'இங்கே பாருங்கள்' என்று நீயே சொல்கிறாய்.

"சால்வை எங்க?" என்றேன்.

"அதுவா, இப்ப ஏஐல ரெண்டு நிமிஷ வேலைக்கா."

"அன்னைக்கு நான் எடுத்துத் தாறேன்னு சொன்னப்ப மீறுறதுன்னு சொன்னியளே?"

கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "அது காண்ட்ராக்ட்டுக்கா. இது அஞ்சலி." பிறகு திரையைக் கிட்டே பார்த்து, "லோகோ இன்னும் லேசா பெருசாக்கிடுங்க" என்றான். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மத்தியான இடைவேளையில் வீட்டுக்கு ஓடினேன். உன் படத்தைப் போட்டுக்கொள்ளச் சம்மதம் என்று அம்மா போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை. "எம்புள்ள மொகத்த ரோட்டுல போறவன் வாரவன் பாக்கட்டும்ட்டி. அதத் தவிர எனக்கு வேற என்ன இருக்கு?" என்றாள். பழைய போனஸையும் செக்காகக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா அதை மாற்றவில்லை, உன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். "எறக்குகூலி வந்துட்டு" என்றார். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

திரும்பி வந்து என் கம்ப்யூட்டரில் பழைய படத்தை எடுத்து வைத்தேன். கடை அண்ணாச்சி பின்னால் நின்று இரண்டு படத்தையும் பார்த்தார். "பேச்சி, பார்ட்டி குடுத்தத அடிச்சிக் குடுத்துட்டுப் போவோம். பெரிய எடம், நாளைக்கு வேற ஆர்டர் வரும். மாத்தி அடிச்சா ஒனக்கு இங்கன வேல கெடையாது, பாத்துக்கோ" என்றார். பைய நடந்து வாசல்வரை போனார். "நான் வீட்டுல போயிச் சாப்ட்டுட்டு வாரேன்" என்றார். அவர் டிபன் பாக்ஸ் மேஜை மேலேயே இருக்கிறது, இசக்கி.

பொத்தான் அழுத்திவிட்டேன். மெஷின் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். முதலில் உன் தலைமுடி வந்தது, பிறகு நெற்றி, அந்தச் சிரிப்பு. அம்மா கேட்ட முகம் குறையில்லாமல் இருக்கிறது. நாலு மணிக்கு அவன் வருவான், கத்துவான். வேறு அடிக்க நேரம் இருக்காது, பக்கத்தில் இத்தனை பெரிய மெஷினும் கிடையாது. வேலை போகும். செக்கைத் திருப்பிக் கேட்டால் அப்பா முதல் ஆளாக எடுத்துக் கொடுப்பார்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். நாளைக்கு எவன் ஜெயித்தாலும் அவன் மேல் நான் சால்வை போட மாட்டேன். கையெழுத்துக்கு முன்னால் அவனை உட்கார வைத்து, அந்தப் பதினோரு பக்கத்தையும் தமிழில் வாசித்துக் காட்டுவேன். ஆஸ்பத்திரி வரியை இரண்டு தடவை வாசிப்பேன். அப்புறமும் அவன் கையெழுத்துப் போடுவான், எனக்குத் தெரியும். நீயும் கேட்டுவிட்டுத்தானே போட்டாய்? அவன் ஃபிரேமில் விரிசல் வந்து ஸ்டிக்கர் கேட்டு என் முன்னால் நின்றால், கத்தரியை எடுக்க மாட்டேன். கன்னத்தில் ஒன்று வைப்பேன். உனக்கு வைத்திருக்க வேண்டியது.

இப்போது தோள் வருகிறது. என் விரல்கள் பத்தும் இருக்கின்றன. ஜரிகை வந்துவிட்டது, ஆரஞ்சு இறங்கிக்கொண்டே வருகிறது, அதன் ஓரத்தில் உன் கை. நீ விலக்க வேண்டாம், அப்படியே பிடித்துக்கொள்.

நெஞ்சு முழுக்க மூடிவிட்டதுலே. லோகோ தெரியவில்லை.

ஒரு வருஷம் கழித்து உனக்குக் கோடி போடுகிற
உன் அக்கா,
பேச்சி