கடலில் அலசிய திராட்சை

6.4.2002, சனி

வெயில். நகக்கண்ணில் இன்னும் நீலம். திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்க மயில்துத்தம் கரைத்து மூன்று நாள் ஆகிறது. புளி வைத்துத் தேய்த்தும் போகவில்லை. பஸ்ஸில் கையைத் தாவணிக்குள் வைத்துக்கொண்டேன்.

காமயகவுண்டன்பட்டி, கம்பம், தேனி. மடியில் ஒரு கூடை பன்னீர் திராட்சை. இரவு அல்லிநகரத்தில், பர்வீன் வீட்டில். எட்டாவது வரை அவளும் நானும் ஒரே பெஞ்சு. பிறகு அவள் அத்தா கடையைத் தேனிக்கு மாற்றினார். நான் தோட்டத்துக்கு. அவள் இப்போது பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்துக்குத்தான் நாளை அவள் சாச்சா (எங்கள் பேச்சில் சித்தப்பா) வேனில் எல்லோரும் கடலுக்கு.

அம்மா கொண்டுவரச் சொன்னவை: கடல் தண்ணீர் ஒரு பாட்டில். சோழி. சளி பிடிக்காமல் என்னை.

பர்வீன் ஒரு தாளைக் கொடுத்தாள். பத்தாவது தனித்தேர்வு விண்ணப்பம்.

“ஈஸ்வரி, வியாழக்கிழமைக்குள்ள எழுதிக் கொண்டாந்துரு.”

“எனக்கு எல்லாம் மறந்து போச்சுடி.”

“மறந்தா படி.”

மறந்தது மட்டும் இல்லை. பரீட்சை ஹாலில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார வேண்டும். தப்புச் செய்தால் எல்லோரும் பார்ப்பார்கள். இதை அவளிடம் சொல்லவில்லை. தாளை மடித்துப் பையின் அடியில் வைத்தேன்.

7.4.2002, ஞாயிறு

விடிவதற்குள் கிளம்பிவிட்டோம். என்னைச் சேர்த்து எட்டுப் பேர். எனக்கு ஜன்னலோரம். பக்கத்தில் செல்வி, பர்வீனோடு படித்தவள்.

“நீ என்ன குரூப்பு?”

“திராட்சைத் தோட்டம்.”

“அதுல வெறும் பிராக்டிகல் மட்டுந்தானா?”

கெட்ட கிண்டல் இல்லை. ஆனாலும் மதுரை தாண்டும்வரை கையைத் தாவணிக்குள்ளேயே வைத்திருந்தேன்.

தூங்கி விழித்தால் மலையைக் காணோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் இல்லை. பனை, கருவேலம், வெள்ளைத் தரை. மறுபடி தூக்கம். கனவில் வேன் கொடிகளுக்கு அடியிலேயே போகிறது, குலைகள் கூரையில் உரசுகின்றன, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

மண்டபம் பக்கம் இறங்கினோம். மணலில் கால் வைத்ததும் தலை தானாகக் குனிந்தது. தோட்டத்தில் பந்தல் கம்பி இடிக்கும், அந்தப் பழக்கம். இங்கே மேலே ஒன்றுமே இல்லை. கடல் மயில்துத்தம் கரைத்த தொட்டியின் நிறம். இவ்வளவையும் யார் கரைத்தது?

சாப்பிட்டு முடித்ததும் பர்வீனின் சாச்சி, “அந்தத் திராட்சைய எடு ஆத்தா” என்றார். எங்கள் ஊரில் மருந்து பட்ட பழத்தை அலசாமல் வாயில் வைக்க மாட்டோம். கூடையோடு வாய்க்காலில் முக்கி எடுப்போம். யோசிக்கவே இல்லை. கூடையைத் தூக்கிப்போய் அலையில் மூன்று முறை முக்கி, கொண்டுவந்து நடுவில் வைத்தேன்.

செல்விதான் முதலில் துப்பினாள். “அய்ய, உப்பு!”

“ஏத்தா, வேன்ல குடம் நெறய நல்ல தண்ணி இருக்குல்ல. அங்கன போயா அலசுன?” சாச்சி.

எல்லோரும் பார்த்தார்கள். ஏழு பேரும். காது சுட்டது. நண்டு மாதிரி மணலுக்குள் போய்விடலாம் போல.

சாச்சா ஒரு கொத்தை எடுத்தார். நிதானமாக மென்றார்.

“மாங்காய்க்கு மட்டும் உப்பு தொட்டுக்கிறீக. திராட்சைக்கு ஆகாதா?”

பர்வீன் எடுத்தாள். முகத்தைச் சுளித்தாள், இன்னொன்று எடுத்தாள். நானும் ஒன்று. முதலில் உப்பு. பிறகு பன்னீர் வாசனை. அப்புறம் ஒரு இனிப்பு, தோட்டத்தில் ஒரு நாளும் அப்படி இனித்ததில்லை. கடைசியில் கூடையின் அடியைத் துழாவியது செல்விதான்.

“பிராக்டிகல்லயும் பெயிலு” என்று ஒரு குரல். யாரென்று திரும்பிப் பார்த்தார்கள். நான்தான். சாச்சிக்குச் சிரிப்பில் புரையேறியது.

திரும்பும்போது செல்வி என் தோளில் சாய்ந்து தூங்கினாள். கையை மறைக்க மறந்திருக்கிறேன். மதுரை தாண்டித்தான் கவனித்தேன்.

8.4.2002, திங்கள்

வீடு. மேகம். கொடிக்குக் கீழே நின்றால் தரை இன்னும் ஆடுகிறது. காதில் அலை.

திராட்சைக் கதையைச் சொன்னதும் அம்மா கடல் தண்ணீர் பாட்டிலில் விரலை விட்டு நக்கினாள். “த்தூ! இதுலயா அலசுன? அவுக ஒன்னும் சொல்லலையா?”

“தின்னுட்டாக.”

“அம்புட்டுமா?”

“அம்புட்டும்.”

சோழி மறந்துவிட்டது.

10.4.2002, புதன்

மதியம் தூறல். தோட்டத்தில் வேலை இல்லை. அம்மா தூக்கம். பையைக் கவிழ்த்தேன். விண்ணப்பத் தாளின் மடிப்பில் மணல். வாசலில் உதறாமல் தீப்பெட்டியில் கொட்டி வைத்தேன். பேனா எழுதவில்லை. உள்ளங்கையில் கிறுக்கிக் கிறுக்கிப் பார்த்ததில் மை வந்தது.

பெயருக்கான முதல் கட்டத்தில் ‘ஈ’ எழுதினேன்.