நுணுக்கக் கூடாத மாத்திரை

முள்ளிப்பட்டு,
ஆரணி வட்டம்.

ஐதராபாத்தில் இருக்கும் மச்சான் ஜீவானந்தத்துக்கு,

உன் அக்கா எழிலரசியும் நானும் சுகம். குழந்தை நிலாவும் சுகம் என்று எழுதக் கை எழவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன் என்றுதான் கடிதம்.

போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மறுபடி வலிப்பு வந்தது. எட்டு மாதமாக வராமல் இருந்தது. தப்பு என்னுடையது. சிரப் வாந்தியாகிறது என்று டாக்டரம்மா மாத்திரைக்கு மாற்றினார். அது புளியங்கொட்டை பருமன். ஆறு வயதுப் பிள்ளைத் தொண்டையில் எப்படி இறங்கும்? பொட்டுக்கடலையை வைத்து முழுங்கப் பழக்கினேன். செய்து காட்டப் போய் எனக்கே புரையேறி, தறியில் இருந்த பட்டுப் பாவின் மேலேயே துப்பிவைத்தேன். நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் இந்த மேதாவி, மாத்திரையை நுணுக்கித் தேனில் குழைத்து ஒரு மாதம் கொடுத்தேன்.

டாக்டரம்மா நிற்கவைத்துத் திட்டினார். வயிற்றுக்குள் போய் மெதுவாகக் கரைந்து, நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மாத்திரையாம் அது. நுணுக்கினால் மேல்பூச்சு போய், மொத்தமும் ஒரேயடியாக இறங்கிச் சீக்கிரமே தீர்ந்துவிடுமாம். அட்டையில் போட்டிருக்கிறதே என்றார். பாவில் ஒரு இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு அந்த இங்கிலீஷ் எறும்பு வரிசை தெரியவில்லை. ஒன்பதாவது பெயில், வேறென்ன.

அது என் மேல் உள்ள கோபம். இனி உன் மேல் உள்ளது.

உங்கள் மருந்துக் கம்பெனியில் கேழ்வரகு மாதிரிக் குருணை செய்து, குருணை ஒவ்வொன்றுக்கும் அந்தப் பூச்சைப் போட்டு, பிள்ளைகளுக்குத் தயிரில் தூவிக் கொடுக்கிற மருந்து வரப்போகிறது என்று மூன்று வருஷமாகச் சொன்னவன் நீ. இப்போது அதை விட்டுவிட்டு, முடி வளர்க்கிற மாத்திரைக் கம்பெனிக்குப் போகிறாயாமே. பூச்சு வாயிலேயே கரைந்து கசக்கிறதாம், பதினோரு தடவை செய்தும் சரியாக வரவில்லையாம், "ஒரே பேஜாரா கீதுக்கா" என்றாயாம். உனக்குப் பேஜார். நாக்கைக் கடித்துக்கொண்டு வகுப்பில் கிடந்தாளே, அதற்கு என்ன பேர் வைப்பாய்? பத்து வருஷமாக வழுக்கையோடு நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முடியால் யாருக்கும் உயிர் போகாது.

இப்போது மறுபடி சிரப். பாதி வெளியே வந்துவிடுகிறது. நேற்று நிலா அரைப் பொட்டுக்கடலையைக் கடிக்காமல் முழுங்கிவிட்டு, "மாமா மருந்து வந்தா இதெல்லாம் வாணாம் இல்லப்பா" என்று கேட்டாள். உன் அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். நீ விலகுவதை நிலாவிடம் நாங்கள் சொல்லவில்லை.

பன்னிரண்டாவது தடவை செய்து பார், மச்சான். கசந்தால் எனக்கு அனுப்பு, நான் தின்கிறேன்.

நன்றாக இரு. அங்கேயே இரு.

உன் அக்கா புருஷன்,
பொன்னுசாமி