நன்னெறிபுரத்துக்குத் தண்ணீர் லாரி

ஜூன் 3, செவ்வாய்

பெண்கள் அமைப்புத் தலைவிகளுக்கான 'நெறிசார் தலைமைப் பயிற்சி' இன்று தொடங்கியது. ஓட்டல் ஏசியில் ஐஸ்பெட்டிக்குள் வைத்த மீன் மாதிரி உட்கார்ந்திருந்தோம். சொல்லித் தருபவர் ஜெயஷீலா மேடம். நல்ல மனுஷி; யார் தும்மினாலும் கைதட்டுகிறார்.

முதலில் ஒரு கற்பனை ஊரை உருவாக்கச் சொன்னார். நன்னெறிபுரம் என்று நான்தான் பேர் வைத்தேன். சாயங்காலத்துக்குள் ஊர் இரண்டுபட்டுவிட்டது. குலசேகரன்பட்டினத்திலிருந்து வந்த இந்துமதி, "எங்க மேலத்தெருவுக்குத் தண்ணி விடாம, கோயில் கொடைக்கு மட்டும் வரி கேட்டு வருவியளோ?" என்று என்னைக் கேட்டு அழுதே விட்டாள். மேலத்தெரு, சார்ட் பேப்பரில் அவளே போட்ட பச்சைக் கோடு.

ஜூன் 4, புதன்

நன்னெறிபுரத்துக்குத் தண்ணீர் கேட்டு மனு எழுதும் பயிற்சி. என்னுடையதுதான் சிறந்ததாம். கீழே என் பெயர், என் கைபேசி எண். சான்றிதழும் கிடைத்தது.

எங்கள் நிஜத் தெருக் குழாயில் பங்குனியிலிருந்து காற்றுதான் வருகிறது. அதற்குக் கொடுத்த மனுக்களுக்குப் பதிலே இல்லை.

ஜூன் 12, வியாழன்

இதை எப்படி எழுதுவது?

காலையில் ஒரு போன். "அக்கா, தண்ணி லாரி டிரைவர் நேசக்குமார் பேசுதேன். நன்னெறிபுரம் எங்கன இருக்கு? மேப்புல காணலியே."

மேடத்தின் ஆட்கள் தண்ணீர் அலுவலகத்துக்கு நிஜ மனுக்களோடு என் பயிற்சி மனுவையும் சேர்த்து அனுப்பிவிட்டார்களாம். நிஜத்துக்குப் பதில் இல்லை. இதற்குத் தினம் ஒரு லாரி!

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் சங்கச் செயலாளர் சீனித்தாய் போனைப் பிடுங்கி, "உப்பளத்து ரோட்டுல நேரா வாங்க தம்பி, போர்டு இருக்கும்" என்றாள்.

போர்டா?

லாரி வரும்போது பெயின்ட் காயவில்லை. 'நன்னெரிபுரம்' என்று எழுதியிருந்தாள். நன்றாக எரிகிற ஊர்.

ஜூன் 13, வெள்ளி

தெருவே தலைக்குக் குளித்தது. நானும்.

ஜூன் 15, ஞாயிறு

நேசக்குமாருக்கு டீ கொடுத்தேன். "இந்த லாரி முன்ன கோயில் பின்னாடி காலனிக்கு ஓடிச்சுக்கா. அத நிறுத்தித்தான் இங்க அனுப்புதாவ" என்றான். சும்மாதான் சொன்னான்.

என் டீயைக் கீழே வைத்தேன். அப்போ காலனிக்காரிய என்ன செய்யுதாளுவ? யார் வீட்டுத் தண்ணியில குளிச்சேன் நான்?

ஜூன் 16, திங்கள்

சங்கக் கூட்டத்தில் சொன்னேன். சீனித்தாய் எழுந்துவிட்டாள். "ஏளா செல்வி, ரெண்டு நாள் ஏசியில இருந்துட்டு வந்து எங்களுக்கு நியாயம் சொல்லுதியா? அந்தச் சான்றிதழைக் கரைச்சுக் குடிக்கலாமா?"

"காலனிக்காரியளும் நம்மள மாதிரிதானளா குடம் தூக்குதாளுவ" என்றேன்.

போர்டை நானே கழற்றினேன். ஏணியைப் பிடிக்கவும் ஒருத்தி வரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

தண்ணீர் அலுவலகம். அதிகாரி கிருபாநிதி சாரிடம், "இப்படி ஒரு ஊரே இல்லை சார்" என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இருக்கேம்மா."

"நான் கற்பனையா எழுதுனது சார்."

"ஊரை நீக்கணும்னா ஊர்மக்கள் கையெழுத்துப் போட்டுத் தரணும்."

"மக்களே கிடையாதே சார்!"

"அப்ப யாருக்கும் ஆட்சேபணை இல்ல. லாரி ஓடட்டும்."

காலனி? தேவை தீர்ந்தது என்று மூடியாயிற்றாம். எங்கள் தெரு? "அது சிஸ்டத்துலேயே இல்லம்மா."

இருக்கிற தெரு இல்லை. இல்லாத ஊர் இருக்கிறது. படியில் உட்கார்ந்து சிரித்தேன். பிறகு பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

லாரியைத் திருப்பி அனுப்பினேன். காலனியில் ஊற்றவும் உத்தரவு இல்லையாம். நிறைந்த லாரி ஊரைத் தேடிச் சுற்றிவிட்டு நிறைந்தபடியே திரும்புகிறது.

ஜூன் 20, வெள்ளி

சீனித்தாய் என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் போகிறாள். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

காலனித் தலைவி அருணாசலவடிவு அக்காவைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனேன். அலுவலக வாசலில் எங்கள் தெருப் பெண்கள், காலிக் குடங்களோடு. முன்னால் சீனித்தாய். "உனக்காக ஒண்ணும் வரல. தண்ணிக்கு வந்தோம்" என்றாள்.

அதிகாரி மறுபடியும் சிஸ்டம், சிஸ்டம் என்றார். சீனித்தாய் மேசையில் குடத்தை வைத்தாள். "சார், நன்னெறிபுரத்துக்குப் பக்கத்துல என்ன ஊர் இருக்குன்னு அதுல போட்டிருக்கா?"

பார்த்தார். அந்தக் கட்டம் காலி.

"எங்க தெருவையும் காலனியையும் அங்கன போடுங்க."

எனக்குத் தாங்கவில்லை. "அதுவும் பொய்தானளா?" என்றேன். சீனித்தாய் என்னைப் பார்த்த பார்வை! ஆனால் கிருபாநிதி சார் யோசித்தார். "இல்லாத ஊருக்கு எது தூரம்மா?" என்றார்.

"அப்போ அந்த ஊரே இல்லைன்னும் எழுதுங்க" என்று நின்றேன். கடைசியில் எழுதினார்: 'நன்னெறிபுரம் கண்டறியப்படவில்லை. அருகிலுள்ள இரு பகுதிகளுக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் வழங்கலாம்.'

திரும்பும்போது பஸ்ஸில் சீனித்தாய் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாள்.

ஜூலை 2, புதன்

இன்று காலனியின் முறை. நேசக்குமார் நாளைக் குழப்பிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் லாரியைக் கொண்டுவந்துவிட்டான். சத்தம் கேட்டு நான் ஓடி வருவதற்குள் சீனித்தாய் வண்டிக்கு முன்னால் போய் நின்றிருந்தாள்.

"இன்னைக்கு எங்க நாள் இல்ல தம்பி. திருப்பு."

இடுப்பில் காலிக் குடத்தோடுதான் சொன்னாள்.