கொள்ளையர் கதை சொன்னவருக்காக

பிப்ரவரி 6, செவ்வாய்

இன்று சூளையிலிருந்து எடுத்த பீங்கான் ஃபியூஸ்களில் பாதிக்கு மேல் கீறல். முதலாளிக்குக் கோபம். தரம் பார்ப்பதுதான் என் வேலை, கீறல் விழுவதற்கு நான் என்ன செய்ய முடியும்?

மதியம் செந்தமிழன் போனில் பேசினார். கப்பல் ஷார்ஜாவில் நிற்கிறதாம். என்ஜின் அறையில் ஃபிட்டர். தை பிறந்ததும் நிச்சயம் முடிந்த கையோடு கப்பலேறியவர், வைகாசியில் கல்யாணத்துக்கு வருவார். நிச்சயமானவர்கள் போனில் என்னவெல்லாமோ பேசுவார்கள். இவர் பேசுவது கடற்கொள்ளையர் கதை. வேலை இல்லாத நேரத்தில் அதைத்தான் படிக்கிறார். அந்தக் காலத்துக் கொள்ளையர்கள் தங்கள் தலைவனை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்களாம். சண்டையில் கை போனால் எவ்வளவு, கால் போனால் எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி வைத்திருப்பார்களாம்.

உங்கள் கம்பெனியில் அப்படி உண்டா என்று கேட்டேன். சிரித்தார். சாயங்காலம்வரை அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

பிப்ரவரி 24, சனி

மாசி மகம். எங்கள் ஊர் மணிமுத்தாற்றங்கரையில் நிற்க இடமில்லை. அவர் அழைத்தபோது நாதஸ்வரம் கேட்கட்டும் என்று போனை உயர்த்திப் பிடித்தேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சீனக் கடலில் நூற்றுக்கணக்கான கப்பல்களை நடத்திய ஒரு கொள்ளைக்காரியைப் பற்றிச் சொன்னார். அரசாங்கம் அவளைத் தோற்கடிக்க முடியாமல் மன்னிப்புக் கொடுத்ததாம். வயதாகித்தான் செத்தாளாம்.

“உன்னை மாரி பிடிவாதக்காரி” என்றார். நான் என்ன பிடிவாதம் பிடித்தேன்?

மார்ச் 10, ஞாயிறு

இரண்டு நாளாகப் போன் இல்லை. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்று முன்பே சொல்லியிருக்கிறார். ஆனாலும்—

மார்ச் 12, செவ்வாய்

அவருடைய கப்பலைச் சோமாலியாப் பக்கம் கடற்கொள்ளையர்கள் பிடித்துவிட்டார்கள்.

கம்மாபுரத்திலிருந்து அவருடைய அம்மா வீராயி அத்தை அப்பாவுக்குப் போன் செய்து சொன்னார். அப்பா என்னிடம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். செந்தமிழன்தான் ஏதோ கதை கட்டிவிடுகிறார் என்று நினைத்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது.

மார்ச் 13, புதன்

கம்பெனி நம்பரை வாங்கி நானே அழைத்தேன். எடுத்தவர் நல்லபடியாகத்தான் பேசினார். நீங்கள் அவருக்கு யார் என்று கேட்டார். கட்டிக்கொள்ளப் போகிறவள் என்றேன். குடும்பத்தாருக்கு மட்டும்தான் தகவல் சொல்ல முடியும் என்றார்.

அப்போ நான் யாரு?

மார்ச் 20, புதன்

கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். சோமாலியாவில் முதலில் படகெடுத்தவர்கள் மீனவர்கள் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. வெளிநாட்டுப் பெரிய கப்பல்கள் வந்து மீனை வாரிக்கொண்டு போக, இவர்கள் துப்பாக்கி எடுத்தார்களாம். தங்களைக் காவல்காரர்கள் என்று சொல்லிக்கொண்டார்களாம். போர்ச்சுகீசியர்கள் கொள்ளையர்கள் என்று எழுதியவர்களை மலபாரில் கடற்படைத் தலைவர்கள் என்று கொண்டாடினார்கள் என்று அவரும் ஒருமுறை சொல்லியிருக்கிறார். எழுதுகிறவன் எந்தக் கரையில் நிற்கிறான் என்று பார்க்க வேண்டுமாம்.

அதெல்லாம் இருக்கட்டும். எந்தக் கரையும் எனக்கு வேணாம். எனக்கு என் ஆளு வேணும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

திட்டக்குடியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், செருப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“நிச்சயம் மட்டுந்தானம்மா ஆயிருக்குது. அந்தப் புள்ளைய நான் கொற சொல்லல. எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?”

அப்பாவைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கும் தூக்கமில்லை என்று எனக்குத் தெரியும்.

மே 19, ஞாயிறு

இன்று கல்யாணம் நடந்திருக்க வேண்டும். துணியெல்லாம் துவைத்தேன்.

மே 28, செவ்வாய்

கப்பலிலிருந்து அவரைப் பேச விட்டிருக்கிறார்கள். அத்தையிடம். உயிரோடு இருக்கிறார்! கஞ்சிதான் சாப்பாடு, எல்லோரையும் ஒரே அறையில் வைத்திருக்கிறார்கள் என்றாராம். கடைசியாக, ப்ரியாவைக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாராம். அத்தை இதைச் சொல்லிவிட்டு அழுதார்.

ஒரு தடவைதான் பேச விடுகிறார்கள் என்றால் அம்மாவிடம்தான் பேச வேண்டும். சரிதான். ஆனால் என் நம்பர் அவருக்கு மனப்பாடம். என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நேரா என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன சொல்லுவேன்னு தெரியும், அதான் சொல்லல.

ஜூன் 2, ஞாயிறு

துணிகளைப் பையில் எடுத்துக்கொண்டு கம்மாபுரம் வந்துவிட்டேன். அப்பா தடுக்கவில்லை. பஸ் நிலையம்வரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

அத்தை என்னைப் பார்த்துப் பயந்துபோனார். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய்விடுமோ என்ற கவலையில்தான் அவர் மகனைக் கப்பலுக்கு அனுப்பினார். இப்போது என்னையும் ஒரு கவலையாகப் பார்க்கிறார்.

“தாலி கட்டாத வூட்ல வந்து இருக்கறதா? ஊரு என்னா பேசும்?”

“பேசட்டும் அத்த. அடுத்த தடவ அவரு போன் பண்ணா நான் இங்க இருக்கணும்.”

அத்தை உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் எனக்கும் சேர்த்து அரிசி களைந்துகொண்டிருந்தார்.

ஜூன் 25, செவ்வாய்

வேலைக்கு இங்கிருந்தே பஸ்ஸில் போய் வருகிறேன். அத்தை குளிக்கப் போகும்போது போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

ஜூலை 17, புதன்

போன் வந்தது. அத்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் யாரோ அதட்டினார்கள்.

“நீ அங்க என்னா பண்ற?”

“இருக்கேன்.”

“ப்ரியா, நான்—”

“நீங்க வாங்க. அதுவரைக்கும் இருக்கேன்.”

அறுந்துவிட்டது. எத்தனையோ பேச வைத்திருந்தேன். அவர் குரல் வயதானவர் குரல் மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

விட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 6, வெள்ளி

சென்னை விமான நிலையத்தில் முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி. சட்டை தோளில் நிற்கவில்லை. அத்தை அவருடைய முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்பாவும் வந்திருந்தார். செந்தமிழனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அப்பாவின் பிடியில் நின்றபடி என்னைப் பார்த்து அவர் தலையை மட்டும் அசைத்தார்.

நவம்பர் 10, ஞாயிறு

கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம். இரண்டு வீட்டார் மட்டும். மழை தூறிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 5, வியாழன்

எந்த அறையிலும் கதவைச் சாத்தக்கூடாது. சாத்தினால் எழுந்து போய்விடுகிறார். அங்கே நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. பழைய கொள்ளையர் கதைகளும் இல்லை. இந்த ஊரில், இதே வீட்டில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். நான் இன்னும் ஏங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். யாரிடம் போய்ச் சொல்ல?

ஜனவரி 26, ஞாயிறு

கடலூருக்குப் போகலாம் என்று அவரேதான் சொன்னார். அத்தைக்கு இஷ்டமில்லை. போனோம்.

தண்ணீருக்குத் தள்ளியே நின்றார். காலையில் மீனுக்குப் போன ஃபைபர் படகு ஒன்று என்ஜின் சத்தத்தோடு நேராகக் கரையைப் பார்த்து வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. நான் கையை இழுக்கவில்லை. படகு மணலில் ஏறி நின்றது. பெண்கள் கூடைகளோடு ஓடினார்கள். படகிலிருந்தவர்கள் மத்தி மீனைக் கொட்டினார்கள். பிடி தளர்ந்தது.

“அவனுங்க படகும் இதே மாரிதான் இருந்துச்சு” என்றார். “மீன் பிடிக்க வந்தவங்கன்னு நெனச்சேன். மேல நின்னு அவங்களுக்குக் கையாட்டுனேன் ப்ரியா. நான்தான் மொதல்ல கையாட்டுனேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரும் உட்கார்ந்தார். பிறகு மெல்ல, நிறுத்தி நிறுத்தி, அடுத்து நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். வெயில் ஏறியது. கூடைக்காரப் பெண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம் என்று அத்தையிடம் சொல்லியிருந்தோம். வீடு வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.