துரையின் வீச்சைத் திருத்தியவருக்கு

அண்ணாச்சி,

இன்று காலை கிளப்பு ஆபீசுக்குள் நுழைந்தபோது, டைப் மெஷின் பக்கத்தில் துரையின் கையெழுத்தில் ஒரு தாள் கிடந்தது. ரப்பர் தோட்டத்தை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் அடுத்த மாதம் சீமைக்குக் கப்பலேறுகிறார். வழியனுப்பு விழாவுக்கு அச்சடிக்கும் சிறு புத்தகத்துக்காக அவரும் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். 'என் கோல்ஃப் வீச்சு திருந்திய விதம்' என்று தலைப்பு. ஸ்காட்லாந்தில் வாங்கிய ஒரு புத்தகமும் தன்னுடைய விடாமுயற்சியுமே காரணம் என்கிறார். அதைப் பிழையில்லாமல் டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை.

இரண்டு முறை படித்தேன். எட்டு வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய கோபம் இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது.

உங்களை அண்ணாச்சி என்று எழுதவே கூசுகிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது நாலு பேர் முன்னால் அப்படிக் கூப்பிட எனக்குத் துணிச்சல் வந்ததில்லை. மிஷன் பள்ளியில் படித்த கிளார்க்கு, துணி வெளுக்கிறவரை அண்ணாச்சி என்பதா என்று ஊர் சிரிக்குமே என்ற பயம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லாரும் சகோதரர் என்று பாடிவிட்டு வந்து, திங்கட்கிழமை உங்களை 'ஓய்' என்று கூப்பிட்டேன்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று நாலு என்று நினைக்கிறேன். குலசேகரத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் துரைமார் புல் வளர்த்துப் பந்தடித்த மைதானத்தின் வலப்புறமாக ஓடை போகும். ஓடைக்கரையில் நீங்கள் துணி அடித்துத் துவைக்கும் அலக்குக் கல். துரை எந்தப் பந்தை அடித்தாலும் அது நேராகக் கிளம்பி, பாதி வழியில் வலப்புறம் வளைந்து, உங்கள் ஓடையில்தான் போய் விழும். நீங்கள் பொறுக்கி வைப்பீர்கள். நான் வந்து வாங்கிப் போவேன்.

ஒருநாள் பந்து உங்கள் தோளிலேயே விழுந்தது. துரை இறங்கி வந்தார். வலிக்கிறதா என்று கேட்பார் என்று நினைத்தேன். பந்து எங்கே என்று கேட்டார்.

நீங்கள் தோளைத் தடவிக்கொண்டே என்னிடம் சொன்னீர்கள்: "துரைட்ட சொல்லும் வேய், கைய மட்டும் வச்சு அடிச்சா அழுக்கும் போவாது, துணியும் கிழிஞ்சு போவும். இடுப்பு முன்னால திரும்பணும். கை பொறவுதான் வரணும்."

மொழிபெயர்க்கப் பயந்து நின்றேன். துரை அதட்டவே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். பிறகு, அன்று ஏழு பந்து தொலைத்த எரிச்சலோ என்னவோ, "செய்து காட்டச் சொல்" என்றார்.

நனைந்த படுக்கை விரிப்பு ஒன்றை முறுக்கி எடுத்தீர்கள். காலை அகட்டி நின்றீர்கள். உடம்பு முழுவதும் வலப்பக்கம் போய், அங்கே ஒரு கணம் தங்கி, இடுப்பு இடப்பக்கம் திரும்ப, அதன் பின்னால் தோள், அதன் பின்னால் கை, எல்லாவற்றுக்கும் கடைசியில் துணி. கல்லில் அது விழுந்த சத்தத்துக்கு ஓடைக்கரைக் கொக்குகள் எழும்பின. துரையின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

அடுத்த மூன்று வாரம் நான் பார்த்த காட்சியை இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்! அந்தப் பெரிய துரை, அரைக்கால் சட்டை முழங்கால்வரை நனைய, ஈரத் துவாலையால் உங்கள் கல்லில் அடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் சுற்றிச் சுற்றி வந்து திருத்தினீர்கள்.

"இறுக்கிப் பிடிக்கப்பிடாது. இறுக்கினா தோளுதான் நோவும்."

"தலை என்னத்துக்கு ஆடுது? கல்லப் பாக்காம அடிச்சா கல்லு கையத் தின்னுரும்."

"அவசரப்படுதாரு வேய். மேல போன துணிக்கு ஒரு மூச்சு குடுக்கச் சொல்லும்."

பிறகு கம்பைக் கையில் கொடுத்து அடிக்கச் சொன்னீர்கள். முதல் பந்து வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. நாலாவது பந்து வளையவே இல்லை. மைதானத்தின் நடுவே கயிறு பிடித்தாற்போலப் போய் விழுந்தது. துரை உங்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த வருஷப் போட்டியில் கோப்பை ஜெயித்தால் உங்களைத் தன் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுப்பேன் என்றார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அது துரை சொன்னதுதான், அண்ணாச்சி. அதில் நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை.

ஜெயித்தார். மலைக்கு அப்பாலிருந்து வந்த துரைமார் எல்லாரையும் ஜெயித்தார். சாயங்காலம் புல்தரையில் தேநீர் விருந்து. நீங்கள் வெளுத்த வேட்டியும் புதுத் துண்டுமாக வந்தீர்கள். வேலியைத் தாண்டி இரண்டடி வைத்திருப்பீர்கள், கிளப்பு செக்ரட்டரி, "டோபியை யார் உள்ளே விட்டது?" என்று கத்தினார். துரை திரும்பிப் பார்த்தார். உங்களை நன்றாகவே பார்த்தார். அப்புறம் கோப்பையைப் பார்த்தார்.

வேலிக்கு வெளியே நான் உங்கள் பக்கத்தில் வந்து நின்றேன். துரை பேச எழுந்தார். ஸ்காட்லாந்துப் புத்தகம், விடாமுயற்சி, தினசரிப் பயிற்சி என்று அடுக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"துரை என்ன சொல்லுதாரு?" என்று கேட்டீர்கள்.

"உம்மத்தான் சொல்லுதாரு" என்றேன்.

உங்கள் முகம் மலர்ந்ததே, அதை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்? நீங்களும் கை தட்டினீர்கள். வீட்டுக்குப் போய் மதினியிடம் சொன்னீர்கள். ஓடைக்கரையில் எல்லாரிடமும் சொன்னீர்கள். மூன்றாம் நாள் பங்களா சமையல்காரர் சிரித்துக்கொண்டே உண்மையை உடைத்துவிட்டார்.

ஆபீஸ் வாசலில் வந்து நின்றீர்கள். சத்தம் போடவில்லை. "துரை பொய் சொன்னது அவருக்க பாஷையில. நீரு எனக்க பாஷையில பொய் சொன்னீரே, வேய்" என்றீர்கள். இரக்கத்தால் சொன்னேன் என்று எனக்கு நானே நெடுநாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரக்கமாவது! துரையின் துரோகத்தை உங்களிடம் சொல்ல நேர்ந்தால் நானும் ஒரு பக்கம் நிற்க வேண்டியிருக்கும். அதற்குத்தான் பயந்தேன்.

மறுவருஷம் துரையின் பந்து மறுபடியும் ஓடைக்கு வளைந்தது. உங்களைக் கூட்டிவரச் சொல்லி என்னை அனுப்பினார். "வரமாட்டேம்ணு சொல்லும். அப்படியே சொல்லும்" என்றீர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உங்களுக்கு உடம்பு சுகமில்லை என்று சொன்னேன். அதுவும் பலிக்கவில்லை. நீங்கள் துணியோடு போவதை அவரே பார்த்துவிட்டார். அந்த வாரமே பங்களாத் துணி வேறு ஆளுக்குப் போயிற்று. ஓடைக்கரை கிளப்பு நிலம் என்று சொல்லி முள்வேலி போட்டார்கள். வேலி போடும் உத்தரவை டைப் அடித்தவன் நான்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் போய், உப்புத் தண்ணீரும் சுடுமணலுமாக இரண்டு வருஷம் துணி வெளுத்தீர்கள். காய்ச்சலில் போய்விட்டீர்கள் என்ற செய்தி, எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது. மதினியைப் பார்க்க இன்றுவரை போகவில்லை.

இன்று மத்தியானம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். "இதில் ஒரு பிழை இருக்கிறது" என்றேன். எந்த எழுத்து என்று கேட்டார். "எழுத்தில் இல்லை. கற்றுக்கொடுத்தவர் பெயரில்" என்று சொல்லி, உங்கள் பெயரைச் சொன்னேன். முதலில் விளங்காதவர்போலப் பார்த்தார். பிறகு, "ஓ, அந்த டோபியா? வேடிக்கையான ஆள்" என்றார். வேடிக்கை! மூன்று வாரம் உங்கள் கல்லில் வியர்வை சிந்திய மனிதர் சொல்கிறார். உள்ளபடியே டைப் அடி என்றார். மாட்டேன் என்றேன். நாளை முதல் வரவேண்டாம் என்றார். இருபது வருஷச் சேவகம் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்தது. பெரிய வீரம் ஒன்றும் இல்லை, அண்ணாச்சி. நீங்கள் தன்னந்தனியாக நின்று சொன்ன சொல்லை, நீங்கள் போன பிறகு, காலம் கடந்து நானும் சொன்னேன். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிற பெண் ஒருத்தி, இங்கிலீஷ் நோட்டீஸ் ஒன்றோடு காத்திருந்தாள். "இதுல என்ன எழுதியிருக்கு?" என்றாள். இப்படி வருகிறவர்களுக்கு நான் இத்தனை நாளும் பூசி மெழுகியே சொல்லி வந்திருக்கிறேன். இன்றும் வாய் அதற்குத்தான் போயிற்று. உங்கள் வார்த்தை குறுக்கே வந்து நின்றது.

"உனக்க வேலை போச்சு மக்கா. காரணம் ஒண்ணும் எழுதல்ல" என்றேன்.

அவள் முகம் இருண்டது. என்னை முறைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"காரணத்த எழுதச் சொல்லிப் பதில் எழுதும். நான் சொல்லுதது போல எழுதும்" என்றாள்.

பேனாவை எடுத்தேன். அவள் ஆத்திரத்தோடு சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதினேன்.