ஐஸ் தொட்டியில் உங்கள் கை

என் பிரியமுள்ள சகாயம் அத்தான்,

துபாய் ஜெபல் அலியில், நம் வேர்ஹவுசில், இன்னும் அதே வேலைதான் பார்க்கிறேன். குளிர்நாடுகளில் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்கள் தண்ணீருக்குள் இறக்குகிற கேமரா. படம் தெரியவில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்புவதையெல்லாம் ஐஸ் போட்ட தொட்டியில் இறக்கிச் சோதிக்கிறேன். எதிரே அதே பிளாஸ்டிக் மீன் நூலில் தொங்குகிறது.

முதல்முறை அதைப் பார்த்தபோது எப்படிச் சிரித்தீர்கள். "என்னலே, பிளாஸ்டிக் மீனுக்கு டார்ச்சு அடிக்கிய? கடிச்சிரப் போவுது மக்கா."

கடற்கரையில் பிறந்தவர் நீங்கள். துறைமுகத்தை ஒட்டியே இத்தனை வருடம் வேலை பார்த்தும் இங்கே ஒருநாள்கூடக் கடலில் கால் நனைக்கவில்லை. லீவு நாள் துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாக இருந்தது. ஒரு பழைய கேமராவை எடுத்துக்கொண்டு நிஜ மீன் பார்க்கப் போகலாம் என்றேன். "வெயிலு கொறையட்டும்லே" என்றீர்கள். வெயில் குறைந்தபோது நீங்கள் இல்லை.

திரும்பி வருகிற கேமராக்களில் பெரும்பாலும் பழுதே கிடையாது. விளக்கை முழுதாக எரியவிட்டிருப்பார்கள். தண்ணீரில் மிதக்கிற தூசியெல்லாம் கேமராவுக்கு முன்னால் பளபளத்துத் திரை வெள்ளையாகிவிடும். விளக்கைக் குறைத்தால் மீன் தெரியும். இதைச் செய்ய எனக்கு ஏசி அறை, தினமும் ஒரு வண்டி ஐஸ். லோடு இறக்குகிற உங்களுக்குக் கன்டெய்னர்.

கோடையில் நடுப்பகல் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கன்டெய்னருக்குள் வெயில் இல்லையே என்றார் சூப்பர்வைசர். அந்த இரும்புப் பெட்டிக்குள் அவர் ஒருநாளாவது நின்றிருப்பாரா?

அன்று உங்களைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குத்தான் ஓடிவந்தார்கள். உடம்பு கொதித்தது, துளி வியர்வை இல்லை. சூப்பர்வைசர் தொட்டியை மறித்து நின்று, "மாஃபி, மாஃபி. டெஸ்டிங் ஐஸ்" என்றார், தர முடியாதென்று. உங்களோடு லோடு இறக்குகிற பிகார்க்காரர் "ஹட்டோ பாய்" என்று அவரைத் தள்ளிவிட்டார். ஐஸை அள்ளி உங்கள் நெஞ்சில் வைத்தோம். கையைத் தொட்டிக்குள் இறக்கினோம்.

உள்ளே கேமரா ஓடிக்கொண்டிருந்தது. திரை முழுக்க வெள்ளை. பழக்கதோஷத்தில் என் விரல் விளக்கைக் குறைத்தது. பிளாஸ்டிக் மீனுக்குப் பக்கத்தில் உங்கள் கை தெரிந்தது. இளைத்த விரலிலிருந்து கழன்றுவிடாமல் கல்யாண மோதிரத்தில் நூல் சுற்றியிருந்தீர்கள். விரல்கள் ஒருமுறை மடங்கி விரிந்தன. அது எதிலும் பதிவாகவில்லை. நான் பார்த்தேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

நாம் தங்குகிற கேம்பில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கே தெரியும். யார் எப்படிச் செத்தாலும், ஊருக்குப் போன் பண்ணுகிறவன் "தூக்கத்துலயே போயிட்டாவ" என்றுதான் சொல்வான். சாரத்திலிருந்து விழுந்த ஒருவரின் வீட்டுக்கு நீங்களே அப்படிச் சொன்னீர்கள். இரக்கத்தில்தான் சொல்கிறோம். ஆனால் அந்த இரக்கம் யாருக்கு வசதி என்று நாம் யோசித்ததே இல்லை. உங்கள் சாவுக்குக் கம்பெனியும் அதையே சொன்னது. ரூமில், தூக்கத்தில், மாரடைப்பு.

அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "வேதனப்பட்டாவளாலே?"

"இல்லக்கா" என்றேன். எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்.

போன வாரம் அவள் கூப்பிட்டாள். உங்கள் தம்பி ஜெனிஷுக்கு இதே கம்பெனியில் விசா வரப்போகிறதாம். லோடிங் வேலை. "நல்ல கம்பெனிலே. அவியள ஒடனே ஊருக்கு அனுப்பி வச்சாவல்லா. இவனும் போட்டு. நீயும் அங்கன இருக்கியல்லா. அவனுக்கு நல்ல ஒடம்புலே" என்றாள்.

உங்களுக்கும் நல்ல உடம்புதான், அத்தான்.

டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டேன். நாங்கள் இரக்கப்பட்டுச் சொன்ன பொய் உங்கள் தம்பியை இழுத்துக்கொண்டு வருகிறது. இதை நீங்கள் மன்னிப்பீர்களா?

இங்கே இப்போது சுவரில் பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள், தண்ணீர் குடியுங்கள் என்று. ஒருநாள் எல்லோருக்கும் மோர் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். படம் நன்றாகவே வந்திருந்தது. கன்டெய்னர்கள் அதே இடத்தில், அதே நேரத்தில்தான் திறக்கப்படுகின்றன.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து அக்கா கூப்பிடுவாள். விசாவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். நான் கன்டெய்னரிலிருந்து ஆரம்பிப்பேன். அவள் முன்பு கேட்டதற்கு இந்த முறை "ஆமாக்கா" என்பேன். அழுவாள், என்னைத் திட்டுவாள், திட்டட்டும். நான் சொன்னது தெரிந்து கம்பெனி என்னை ஊருக்கு அனுப்பினாலும் அனுப்பட்டும்.

உங்கள் விரல் அசைந்ததை மட்டும் அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று இன்னும் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன்.

ஆனால் ஜெனிஷ் அந்தப் பெட்டிக்குள் ஏற மாட்டான். அதற்கு நான் பொறுப்பு, அத்தான்.

உங்கள் பிரின்சியின் தம்பி,
ரூபன்